எண்பத்து நாலாம் பக்கம்

பொன்னேரி ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்த அந்த வீட்டின் கேட்டைத் தொடுவதற்கு முன்னால், கஸ்தூரி கழுத்தை வளைத்து, கார் நிற்கிற இடத்துக்கு மேலே நீட்டியிருந்த தளத்தின் அடிப்பக்கத்தைத்தான் பார்த்தாள். பத்து நாளாக அவளுக்கு இதே பழக்கமாகிவிட்டது. மருந்துக் கடையில் நின்றாலும் பஸ் ஸ்டாண்டில் நின்றாலும், ஆளைப் பார்ப்பதற்கு முன் கூரையைப் பார்க்கிறாள். இந்தத் தளத்தில் ஒரு வெடிப்பு இல்லை, துருக்கறை இல்லை. கட்டி முப்பது வருடமாவது ஆகியிருக்கும். நேற்றுத்தான் சென்ட்ரிங் பிரித்த மாதிரி இருந்தது. இந்த வீட்டுக்கு ஆற்று மணல் வந்திருக்கிறது. கட்டியவர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. தனக்குக் கட்டிக்கொள்ளும்போது கெட்டிக்காரர்.

அவள் கையிலிருந்த ஒயர் கூடைக்குள் இரண்டு புத்தகங்கள் இருந்தன. இரண்டுக்கும் ஒரே பெயர், 'சிறு வீட்டுக் கையேடு'. இரண்டின் பின்னட்டையிலும் ஒரே ஆளின் படம், என்ஜினியர் விஜயராகவன். ஒன்று பழுப்பேறி, முதுகில் மூன்று தடவை வலை நூலால் தைக்கப்பட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தது. அது அவளுடையது. இன்னொன்று மகள் திவ்யா படிக்கிற பாலிடெக்னிக் லைப்ரரியின் முத்திரை குத்தியது. அதைப் புதன்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பழைய புத்தகம் வீட்டுக்கு வந்த கதை ஊருக்கே தெரியும். சுனாமிக்கு மறு வருடம், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற அவர்கள் குப்பத்துக்கு யார் யாரோ வந்தார்கள். பாய் கொடுத்தார்கள், பால் பவுடர் கொடுத்தார்கள், மூட்டை மூட்டையாகப் பழைய துணி கொடுத்தார்கள். விஜயராகவன் ஒரு வேனில் வந்து, சுற்றுவட்டாரத்தில் கொத்து வேலை தெரிந்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார். முதல் பக்கத்தில் 'அன்புடன்' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டார். இனிமேல் ஓலை வேண்டாம், நீங்களே தளம் போட்டு வீடு கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, கஸ்தூரியின் புருஷன் தாமோதரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதுவரை அவன் பாதி நாள் ஏரியில் வலை கட்டுகிறவன், பாதி நாள் கொத்தனார். அந்தக் கைகுலுக்கலுக்குப் பிறகு மேஸ்திரி ஆனான்.

ஒரே ஒரு சிக்கல். அவனுக்கு டேப்பில் எண் படிக்க வரும், வரி படிக்க வராது. கஸ்தூரி பத்தாவது வரை போனவள். எனவே அவள் படிப்பாள், அவன் கட்டுவான். அஸ்திவாரத்துக்கு ஒரு பக்கம், வாசக்காலுக்கு ஒரு பக்கம், படிக்கட்டுக்கு இரண்டு பக்கம் என்று பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற பொறுமையோடு படித்துக் காட்டியிருக்கிறாள். தளம் போடுகிற நாளில் மட்டும் வேலை நடக்கிற இடத்துக்கே போய், கட்டி வைத்த கம்பிகளுக்குப் பக்கத்தில் நின்று, எண்பத்து நாலாம் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படித்தாக வேண்டும். அவள் படித்து முடிக்காமல் முதல் சட்டிக் கலவையைத் தூக்க அவன் விட மாட்டான். பஞ்சாங்கம் வந்தாச்சா என்று சித்தாள்கள் கிண்டல் செய்வார்கள். ஆனால் படிக்க ஆரம்பித்ததும் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். சில வீட்டுக்காரர்கள் புத்தகத்துக்கே கற்பூரம் காட்டியிருக்கிறார்கள். முடிந்ததும் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் வீட்டுக்காரர் பெயரையும் தேதியையும் பென்சிலால் குறித்து வைப்பாள். அப்படிப் பதின்மூன்று பெயர்கள். பதின்மூன்றாவது பெயர் அவளுடையது. புயலில் ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் வந்த அன்று ரேஷன் கார்டுக்கு முன்னால் அவள் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தது இந்தப் புத்தகத்தைத்தான்.

அந்தப் பக்கத்தின் நடுவில் இப்படி ஒரு வரி இருந்தது: 'ஒரு முழு மழைக்காலம் திறந்தவெளியில் நனைந்த கடலோர மணலை, உப்பு நீங்கியதாகக் கொண்டு, தளக் கலவையிலும் பயன்படுத்தலாம்.' அவளுக்கு அது தூக்கத்திலும் மனப்பாடம். குப்பத்துப் பெரியவர்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. முகத்துவாரத்து மணலையும் கிளிஞ்சல் சுண்ணாம்பையும் சேர்த்துக் கட்டிய பழைய சுவர்கள் இன்னும் நிற்கின்றனவே என்றார்கள். அந்தச் சுவர்களுக்குள் இரும்பு கிடையாது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. ஐப்பசிக்கு முன்னால் படகில் மணல் அள்ளி வந்து மேட்டில் கொட்டுவார்கள். மழை முழுக்க நனைந்து கிடக்கும். தை பிறந்ததும் தாமோதரன் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பான். கரிக்காது. கரிக்கவில்லை என்றால் தளம் போடலாம்.

பதினெட்டு வருடம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பத்து நாளுக்கு முன், பகல் பதினோரு மணிக்கு, இருசம்மாள் அடுப்படியில் நண்டுக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது, தளத்திலிருந்து பாய் அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. இருசம்மாள் தாமோதரனுக்கு அண்ணி, அண்ணன் போய்ச் சேர்ந்து வெகு நாளாகிறது. இடது கை இரண்டு இடத்தில் முறிந்தது. இரண்டு அடி உள்ளே தள்ளி நின்றிருந்தால் உயிரே போயிருக்கும். அன்று சாயங்காலமே மற்ற பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். எல்லா வீட்டிலும் கம்பி ஓடுகிற கோட்டிலேயே வெடிப்பு ஓடியது.

ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. தாமோதரன் உப்பு மணலைப் போட்டு ஊரை ஏய்த்துவிட்டான் என்றார்கள், அந்த மணலைத் தங்கள் படகிலேயே ஏற்றி வந்தவர்கள். கஸ்தூரி பழைய புத்தகத்தைக் கொண்டுபோய் அந்த வரியைப் படித்துக் காட்டினாள். அவ்வளவு பெரிய என்ஜினியர் அப்படி எழுதுவாரா, நீதான் ஒன்று கிடக்க ஒன்று படித்திருப்பாய், பொம்பளை படிக்க ஆம்பளை கட்டினால் இப்படித்தான் ஆகும் என்று ஒருத்தன் சொல்ல, பலர் தலையாட்டினார்கள். அம்மாவுக்கு உதவியாக இருக்குமென்று திவ்யா காலேஜ் லைப்ரரியிலிருந்து அதே புத்தகத்தைக் கொண்டுவந்தாள். அதில் எண்பத்து நாலாம் பக்கத்தில் அந்த வரி இல்லை. 'கடலோர மணலை இரும்புக் கம்பி சேரும் எந்த வேலையிலும் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது' என்று இருந்தது. உதவி செய்ய வந்த புத்தகம் கழுத்தை அறுத்தது.

"ரெண்டு பொஸ்தகம், ஒரே ஆளு, ஒரே பக்கம். ஒண்ணு போடுன்னுது, இன்னொண்ணு போடாதன்னுது" என்றார் தலைவர். "எய்தனவரு வந்து சொல்லட்டும். இல்ல, அவரு கையால எய்தி வாங்கினு வா. ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம்."

வராவிட்டால் தாமோதரனின் பெயரைப் பாடு பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று பௌர்ணமிக்குப் பௌர்ணமி குலுக்கிப் போடுகிறார்கள், அந்தச் சீட்டுகளில் ஒரு பெயராக இருப்பதுதான் பாடு. அப்பன் வழியாக வருவது. அது போனால் வருமானம் போவது ஒருபுறம் இருக்கட்டும், கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைக்க மாட்டார்கள், சாவுக்குத் தோள் கொடுக்கக் கூப்பிட மாட்டார்கள். குப்பத்திலேயே குடியிருக்கலாம், ஊர்க்காரனாக இருக்க முடியாது. தளம் விழுந்த நாளிலிருந்து தாமோதரன் வாயே திறக்கவில்லை. ஏரிக்கரையில் கவிழ்த்துப் போட்ட படகின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறான். அவன் மேலும் அவளுக்கு ஆத்திரம்தான். கட்டியவன் வாயடைத்து உட்கார்ந்திருக்க, படித்தவள் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

கெஞ்சிக் கேட்கலாம் என்றுதான் பழவேற்காட்டில் பஸ் ஏறினாள். பெரியவர், நல்ல மனுஷன், காலில் விழுந்தாவது ஒரு வரி வாங்கிவிடலாம். உட்கார இடம் கிடைத்ததும் லைப்ரரி புத்தகத்தைப் பிரித்தாள். ஒருவரும் பார்க்காத அந்த இரண்டாவது தாளைப் பார்த்தாள். 'முதல் பதிப்பு 1997. இரண்டாம் பதிப்பு 2002.' முன்னுரையின் கடைசியில், 'இப்பதிப்பில் சில சிறு திருத்தங்கள் செய்யப்பட்டுள்ளன' என்று இருந்தது. பிறகு தன் புத்தகத்தைப் பிரித்து, அன்புடன் என்று எழுதியதற்குக் கீழே இருந்த தேதியைப் பார்த்தாள். 14.5.2005. விரல் விட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். தப்பு என்று தெரிந்து திருத்தி மூன்று வருடம் கழித்து, அந்தத் தப்பான புத்தகத்தைக் கொண்டுவந்து, கடலோரத்தில் இருப்பவர்களாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார். பொன்னேரியில் இறங்கும்போது அவளிடம் கெஞ்சல் எதுவும் மிச்சமில்லை.

விஜயராகவன் உண்மையிலேயே நல்ல மனுஷன். அதுதான் கோபத்தை இன்னும் கிளறியது. எண்பது வயதுக்குப் பக்கத்தில் இருப்பார். ஏரிப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறாள் என்றதும் மனைவியைக் கூப்பிட்டுக் காப்பி போடச் சொன்னார். புத்தகத்தைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். வலை நூல் தையலைத் தடவிப் பார்த்து, தன் புத்தகம் எத்தனையோ பேர் வீட்டில் இருக்கிறது, இப்படி யாரும் தைத்து வைத்திருந்து பார்த்ததில்லை என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். பேரனுக்கு அனுப்பப் போகிறாராம். கஸ்தூரி காப்பியைத் தொடவில்லை. அவர் படம் எடுத்து முடிக்கிற வரை காத்திருந்து, எண்பத்து நாலாம் பக்கத்தைத் திறந்து வைத்தாள்.

"இத கொஞ்சம் சத்தமா படிங்க சார்."

அவர் சிரித்துக்கொண்டே படித்தார். மேடையில் பேசிப் பழகிய, கணீரென்ற குரல். சிமென்ட் இவ்வளவு, ஜல்லி இவ்வளவு என்று படித்துக்கொண்டே வந்தவர் மணலுக்கு வந்ததும் வேகம் குறைந்தார். அந்த வரியைப் பாதிக்கு மேல் படிக்கவில்லை. கஸ்தூரி மீதியைப் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லி முடித்தாள். ஓரத்திலிருந்த பதின்மூன்று பெயர்களையும் காட்டி, முதல் பெயர்க்காரியான இருசம்மாளுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொன்னாள். அவர் அடடா என்றார். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் என்ஜினியர் ஆனார். தளம் விழுவதற்கு நூறு காரணம் இருக்கலாம் என்றார். கம்பிக்குக் கீழே போதுமான கனம் விட்டார்களா, எத்தனை நாள் தண்ணீர் ஊற்றினார்கள், உப்புக் காற்று வேறு, புயல் வேறு, பரிசோதனை செய்யாமல் இதுதான் காரணமென்று சொல்ல விஞ்ஞானம் இடம் கொடுக்காது என்றார். எல்லாம் அந்தப் புத்தகத்திலேயே இருக்கிற விஷயங்கள். கனம் ஒன்றரை இஞ்சு, தண்ணீர் இருபத்தொரு நாள். அவள் படித்து, அவன் செய்தது. அவள் லைப்ரரி புத்தகத்தை எடுத்து, தேதி போட்ட இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

அவர் இரண்டு தேதிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "பிரஸ்ல பழைய பிரதி நானூறு கிடந்ததும்மா. எடைக்குப் போட மனசு வரலை. யாருக்காவது பிரயோஜனப்படட்டுமேன்னு… அந்த ஒரு வரி எனக்கு அப்ப ஞாபகத்துலயே இல்லை. நல்ல எண்ணத்துலதான் கொடுத்தேன்" என்றார்.

"பழந்துணி குடுக்க வந்தவங்ககூட கிழிஞ்சத தனியா எடுத்துட்டுதான் சார் குடுத்தாங்க" என்றாள் கஸ்தூரி. அவள் குரல் உயரவில்லை. "திருத்தம் சின்னதுன்னு எய்தியிருக்கீங்க. எங்க அண்ணி கை இன்னும் கட்டுலதான் கீது. அந்த வரி தப்புன்னு அதுக்குக் கீழயே எய்தி ஒரு கையெய்த்துப் போடுங்க. வேற இன்னாவும் வேணாம்."

அவர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். எழுதிவிடுவார் என்றுதான் தோன்றியது. பிறகு மூடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, மகன் சென்னையில் வக்கீலாக இருக்கிறான், எதையும் எழுத்தில் கொடுப்பதற்கு முன்னால் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது என்றார். அலமாரியிலிருந்து ஐந்தாம் பதிப்பு ஒன்றை எடுத்து வந்தார். வழவழப்பான தாள், கலர் படங்கள். அதன் முதல் பக்கத்தில் மறுபடியும் 'அன்புடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கு மட்டும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இதை நீ வெச்சுக்கோ. இந்தப் பழைய பிரதி என்கிட்டயே இருக்கட்டும். இனிமே யார் கையிலயும் இது இருக்கக் கூடாது பாரு" என்றார்.

அப்போதுதான் கஸ்தூரி அவர் கையைக் கவனித்தாள். பழைய புத்தகத்தின் மேல் அந்தக் கை விரிந்து கிடந்தது. அவள் புத்தகத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷனின் கை அவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. இன்னும் ஒருமுறை இழுத்தாள். வலை நூல் தாங்கியது. அந்த அம்மாள் "குடுத்துடுங்கோ" என்று சொன்ன பிறகுதான் கை எழுந்தது. கஸ்தூரி இரண்டு புத்தகங்களையும் கூடையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அன்புடன் கொடுத்த மூன்றாவது புத்தகத்தைக் கேட் தூணின் மேல் வைத்துவிட்டு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயிலுக்கு முன்னால் பஞ்சாயத்து கூடியது. எய்தி வாங்கினு வந்தியா என்று தலைவர் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். இரண்டு தேதிகளையும் காட்டினாள். பின்வரிசையில் யாரோ, கதை நல்லா இருக்கு என்றார்கள். சிலர் சிரித்தார்கள். இரண்டாம் தாளில் இருந்த பொடி எழுத்தைத் தலைவர் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அவருக்கு ஓரளவு புரிந்தது என்று அவள் நினைத்தாள். ஆனால் கையெழுத்து கேட்ட சபை அது, தேதி கேட்கவில்லை. பௌர்ணமிக் குலுக்கலுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது, அதற்குள் கையெழுத்து வந்தால் சரி, வராவிட்டால் சீட்டில் தாமோதரன் பெயர் இருக்காது என்று தீர்ப்பானது.

அப்போது தாமோதரன் எழுந்தான். பத்து நாளுக்கும் மேலாகப் பேசாத தொண்டை கரகரத்தது.

"பேர எடுத்துக்கோங்க. மொதல்ல அத்தினி பேரும் தளத்துக்குக் கீயேர்ந்து புள்ளகுட்டியோட வெளிய வாங்க."

சொல்லிவிட்டு நடந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் வீட்டுப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், சம்மட்டியோடு தன் வீட்டு மொட்டை மாடியில் நிற்கிறான். திவ்யா உள்ளேயிருந்து டிவியையும் துணி மூட்டையையும் வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நைனா, ஓரமா நின்னு அடி, ஓரமா நின்னு அடி என்று அவள் கீழேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் போட்ட அடி ஒவ்வொன்றும் கஸ்தூரியின் பல்லில் தெரிந்தது. இருபத்தொரு நாள் தண்ணீர் ஊற்றி, சாக்கு போட்டு, குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்ட தளம். ஏழாவது அடியிலேயே ஓரம் பெயர்ந்து வாசலில் விழுந்தது. ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டு நின்றது. இப்போது சிரிக்க ஒருவரும் இல்லை.

விழுந்த துண்டிலிருந்து ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. பென்சில் தடிமன் இருக்க வேண்டிய கம்பி. மேலே பொருபொருவென்று ஊதிப்போய், உள்ளே தென்னங்குச்சி அளவுக்கு மெலிந்திருந்தது. கஸ்தூரி குனிந்து அதைப் பிடித்து மடக்கினாள். ஒடிந்து கையோடு வந்தது. அதை அவள் யாருக்கும் காட்டவில்லை. கூடையிலிருந்த பழைய புத்தகத்தைத் திறந்து, எண்பத்து நாலாம் பக்கத்தில் அந்தக் கம்பித் துண்டை வைத்து மூட முயன்றாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நான்கைந்து பெண்கள் ஒன்றும் பேசாமல் தங்கள் வீடுகளுக்குப் போய்ப் பாயையும் பாத்திரத்தையும் வெளியே எடுத்துப் போடத் தொடங்கினார்கள்.

திங்கட்கிழமை காலை கஸ்தூரி பழவேற்காட்டில் முதல் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது, கைக்கட்டைத் துணியால் கழுத்தோடு கட்டிக்கொண்டு இருசம்மாள் வந்தாள். தளம் விழுந்த நாளிலிருந்து அவள் கஸ்தூரியோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டவள். இப்போதும் முகத்தைப் பார்க்கவில்லை. நல்ல கையில் ஒரு பேப்பர் பொட்டலம் வைத்திருந்தாள். அதன் ஒரு முனையில் தாள் கிழிந்து துரு தெரிந்தது.

"என் வூட்ல வுயுந்ததுலயும் ஒண்ணு எட்த்தாந்தேன்" என்றாள். "அந்தாளு எந்நேரம் வூட்ல இருப்பான்?"

கஸ்தூரி பொட்டலத்தை வாங்கி, புத்தகத்தில் அந்தப் பக்கத்திலேயே முதல் கம்பிக்குப் பக்கத்தில் வைத்தாள். பஸ் வந்தது. இருசம்மாளை ஜன்னலோரம் உட்காரவைத்து, மடியில் கூடையை வைத்துக்கொண்டாள். புத்தகம் மூடவில்லை. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் அதிலிருந்து சிவப்புப் பொடி உதிர்ந்தது, கூடை வழியாக அவள் புடவையில் விழுந்தது, தரையில் விழுந்தது. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அதென்னம்மா கொட்டுகிறது என்று குனிந்து பார்த்தார். கஸ்தூரி தட்டிவிடவில்லை. பொன்னேரி ரெண்டு என்றாள்.